பாடத்தைத் தேர்ந்தெடுப்பது யார்? – அம்பேத்கரின் கொலம்பியாப் பட்டியலை முன்வைத்து

பொருளாதாரம் 29. வரலாறு 11. சமூகவியல் 6. தத்துவம் 5. மானுடவியல் 4. அரசியல் 3. அரிச்சுவடி பிரெஞ்சு 1, அரிச்சுவடி ஜெர்மன் 1. கூட்டிப் பார்த்தால் 60 வருகிறது. 1913 ஜூலையில் நியூயார்க்கில் போய் இறங்கியதிலிருந்து 1916இல் லண்டனுக்குப் புறப்படும் வரை, ஏறத்தாழ மூன்று வருஷத்தில், பீம்ராவ் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எடுத்த பாடங்களின் கணக்கு இது. எலினார் ஜெலியட் தன் நூலில் இந்தக் கணக்கைத் தந்திருக்கிறார். நம் ஊர்ச் சுவரொட்டிகளில் அண்ணலின் பெயருக்குப் பின்னால் எம்.ஏ., பிஎச்.டி., டி.எஸ்சி., பார்-அட்-லா என்று பட்டங்கள் ரயில்பெட்டி மாதிரி கோத்துக்கொண்டு வரும். ஏப்ரல் 14 அன்று மேடையேறுகிறவர்கள் அதை மூச்சு விடாமல் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், கைத்தட்டலும் வாங்கியிருக்கிறேன். பட்டத்தைச் சொன்ன நாம் பாடத்தைக் கேட்டதில்லை. அந்த மனிதர் ஏன் அறுபது பாடம் எடுத்தார்? பொருளாதாரத்தில் பட்டம் வாங்கப் போனவருக்கு மானுடவியல் வகுப்பில் என்ன வேலை? இந்தப் பட்டியலை ஒரு பிரதியாக வைத்துக்கொண்டு வாசிக்க முடியுமா என்பதுதான் இக்கட்டுரை.

இதை இப்போது எடுப்பதற்கு என் சொந்தக் கணக்கு ஒன்றும் பாக்கி இருக்கிறது. அதை மறைத்துவிட்டு விமர்சனம் எழுதுவது எனக்குத் தெரியாத வித்தை. எங்க ஊர் செங்கல்பட்டுப் பக்கம். பன்னிரண்டாவது முடித்து அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டபோது நான் கேட்டது பி.காம். தரவரிசைப் பட்டியலில் என் முறை வருவதற்குள் பி.காம். தீர்ந்துபோய், வரலாறும் தமிழும்தான் மிச்சம் இருந்தது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், "தமிழ் போட்டுக்கோம்மா, பாஸ் பண்ணிடலாம்" என்றார். போட்டுக்கொண்டேன். பிறகு அந்தத் தமிழ்தான் எனக்குச் சோறும் ஆயுதமும் ஆனது, அது வேறு கதை. ஆனால் அந்தப் பாடத்தை நான் தேர்ந்தெடுத்தேன் என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரும். எங்க ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் தலைமுறைப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குப் பாடம் என்பது கிடைத்த சீட்டு. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் ஜன்னலோரம், இல்லாவிட்டால் படிக்கட்டு.

எம்.ஏ. முடித்தபிறகு ஆய்வுக்குப் பதிய வேண்டும் என்று ஆசை வந்தது. தலைப்பும் கையில் இருந்தது: பஞ்சமி நிலமும் ஒப்பாரியும். எங்க ஆயா ஒப்பாரி சொல்லும்போது செத்துப்போனவரைப் பற்றி மட்டும் சொல்லாது. ஏரிக்கரையில் எந்தப் புளியமரம் வரைக்கும் யாருடைய கொல்லை, கிணற்றுப் பங்கில் யாருக்கு எத்தனை நாள், எந்த வருஷம் யார் வேலி போட்டான், எல்லாம் அழுகையோடு வந்துவிடும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரமன்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய நிலங்கள்தான் பஞ்சமி நிலங்கள். வேறு சாதியாருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கைமாறிப் போனது. 1994இல் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டு நடந்த போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நான் கைக்குழந்தைப் பருவம் தாண்டிய வயசில் வீட்டில் கேட்ட பெயர்கள் அவை. பதிவேட்டில் அழிந்துபோன எல்லைகள் ஒப்பாரியில் மிஞ்சியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தமிழ்த் துறைப் பேராசிரியர் நல்லவர்தான். தலைப்பைப் படித்துவிட்டு, "ஏம்மா, இது தமிழ்த் துறை. சர்வே நம்பரெல்லாம் தாலுகா ஆபீசுல வெச்சுக்க" என்றார். வரலாற்றுத் துறைக்குப் போனேன். "பாட்டெல்லாம் ஒரு ஆதாரமா? தமிழ்ல போய்ப் பண்ணுங்க" என்றார்கள். சமூகவியலில் இருந்தவர் மட்டும் கொஞ்சம் ஆர்வமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "உங்க ஊருல எரநூறு பேருக்குக் கேள்வித்தாள் குடுத்து டேட்டா எடுத்துட்டு வாங்க, பாக்கலாம்" என்றார். ஒரு மாசம் மூன்று கட்டடத்துக்கும் நடந்தேன். கடைசியில் சங்க இலக்கியத்தில் நெய்தல் நிலப் பறவைகள் என்று ஒரு தலைப்பைக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் பறவை எண்ணினேன். அப்புறம் விட்டுவிட்டேன். பறவைகள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

இந்த மூன்று கதவு அனுபவத்தோடுதான் கொலம்பியாப் பட்டியலை முதன்முதலில் பார்த்தேன். பொறாமையாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பாடம் மறுக்கப்படுவது என்றால் என்ன என்பது அம்பேத்கருக்கு நன்றாகத் தெரியும். பள்ளியில் அவர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டத்தகாத பையனுக்குச் சொல்லித்தர ஆசிரியர் மறுத்துவிட்டார். பாரசீகம் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அன்றைக்கு யாரும் "உனக்குப் படிப்பு கிடையாது" என்று சொல்லவில்லை. படி, ஆனால் இதைப் படிக்காதே, அதைப் படி என்றார்கள். கல்வி மறுப்பு என்றவுடனே நாம் காதில் ஈயம் ஊற்றிய கதைக்குப் போய்விடுகிறோம். நவீன காலத்துச் சாதி அவ்வளவு முரட்டுத்தனமாக எப்போதும் வேலை செய்வதில்லை. அது பள்ளிக்கூடத்துக்குள் உன்னை விட்டுவிட்டு, உள்ளே எந்த அறைக்குள் நீ போகலாம் என்பதை வைத்துக்கொண்டு ஆளும். யாருக்கு எந்தப் பாடம் என்பது யாருக்கு எந்தத் தெரு என்பதன் தொடர்ச்சி. பின்னாளில் அம்பேத்கர் சமஸ்கிருதத்தைத் தானே முயன்று கற்றுக்கொண்டு, சாத்திரங்களை எடுத்து வைத்து வாதாடியபோது, பழைய ஆசிரியரின் மறுப்புக்கும் சேர்த்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றும்.

கொலம்பியா அவருக்கு என்ன கொடுத்தது? பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுன், மூன்று வருஷத்துக்கு. திரும்பி வந்து பத்து வருஷம் பரோடா அரசுக்கு வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். ஆக, கையில் விலங்கோடுதான் போனார். போன இடத்தின் அமைப்பு வேறாக இருந்தது. பம்பாயில் பல்கலைக்கழகம் என்பது பரீட்சை நடத்துகிற எந்திரம், வகுத்துக் கொடுத்த பாடத்திட்டத்தைத் தின்று கக்க வேண்டும். அமெரிக்காவிலோ ஹார்வர்டின் தலைவராக 1869 முதல் 1909 வரை இருந்த சார்லஸ் எலியட் விருப்பப்பாட முறையைப் பெரிதாகக் கொண்டுவந்திருந்தார். மாணவன் தானே பாடத்தைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்கிற எண்ணம் அங்கே வேர்பிடித்திருந்தது. கொலம்பியாவில் 1880இல் தொடங்கிய அரசியல் அறிவியல் புலத்தில் வரலாறு, பொருளாதாரம், சமூகவியல், பொதுச்சட்டம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. பொருளாதார மாணவன் வரலாற்று வகுப்பில் போய் உட்கார ஒரு மாசம் அலைய வேண்டியிருக்கவில்லை என்பதற்கு இந்தப் பட்டியலே சாட்சி.

ஆசிரியர்களும் அப்படிப்பட்டவர்கள். வரிவிதிப்பு பற்றிப் பாடம் சொன்ன செலிக்மன், வரலாற்றைப் பொருளாதாரக் கண்ணால் பார்ப்பது பற்றி 1902இலேயே புத்தகம் எழுதியவர். வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஹார்வி ராபின்சன், ராஜாக்களின் போர்க்கதையை விட்டுவிட்டு மானுடவியலோடும் உளவியலோடும் பொருளாதாரத்தோடும் வரலாறு கைகோர்க்க வேண்டும் என்று 1912இல் வெளிவந்த நூலில் வாதிட்டவர். ஜான் டூயிக்குத் தத்துவமும் கல்வியும் ஜனநாயகமும் வேறு வேறு அறைகள் அல்ல. மானுடவியலில் கோல்டன்வைசர், சமூகவியலில் கிட்டிங்ஸ். டூயி, ஷாட்வெல், செலிக்மன், ராபின்சன் ஆகியோரைத் தன் வாழ்வின் மிகச் சிறந்த நண்பர்களோடு சேர்த்து அம்பேத்கர் 1930இல் நினைவுகூர்ந்தார். துறைச் சுவரைத் தாண்டுகிறவர்களிடம் படித்தவன் தானும் தாண்டினான் என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவர் கொண்டுபோன கேள்வியில் இருந்தது. சாதி என்கிற கேள்வி எந்தத் துறைக்குள்ளும் அடங்காது. அது மணவறையிலும் களத்துமேட்டிலும் கோயிலிலும் கஜானாவிலும் ஒரே சமயத்தில் இருக்கிறது. அதைப் பிடிக்க வேண்டுமானால் நாலு பக்கமும் வலை வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாணவரே தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் பட்டப்படிப்பு என்று இன்றைக்கு அமெரிக்காவில் பெயர் சொல்லி நடத்துகிறார்களே, அந்த ஏற்பாடு 1913இல் அங்கே இல்லை. அம்பேத்கர் வாங்கியது பொருளாதாரப் பட்டம்தான். அதற்குள்ளே அவர் தனக்கென்று வேறொரு பாடத்திட்டத்தை ஓட்டினார் என்பது என் வாசிப்பு.

வாசிப்பு சரியா என்று பார்க்க, அந்த அறுபதிலிருந்து முளைத்த ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம். 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் அவர் வாசித்தது. இந்தியாவில் சாதிகள், அவற்றின் இயக்கம், தோற்றம், வளர்ச்சி என்று தமிழில் சொல்லலாம். அடுத்த வருஷம் மே மாதம் 'இந்தியன் ஆன்டிக்வரி'யில் வெளிவந்தது. வயசு 25.

சாதியை விளக்கவந்த பெரிய பெயர்கள் எல்லாம் அதில் வருகின்றன: செனார்ட், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர். ஒவ்வொருவரின் வரையறையையும் பிரித்துப் போட்டுவிட்டு அகமணத்தில் வந்து நிற்கிறார். கோத்திரத்துக்கு வெளியே மணம் என்கிற பழைய விதி இந்தச் சமூகத்தில் இருந்தது. அதன்மேல் சாதிக்குள்ளேயே மணம் என்கிற விதி ஏற்றிவைக்கப்பட்டது. அப்படியானால் ஒரு கூட்டம் தன் கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே என்ன நடக்கும்? இங்கேதான் மானுடவியல் வகுப்பில் பொருளாதார மாணவன் வாயைத் திறக்கிறான். கல்யாண வயசு ஆண்களும் பெண்களும் எண்ணிக்கையில் சமமாக இருந்தாக வேண்டும். கணவன் செத்தால் ஒரு பெண் உபரி. மனைவி செத்தால் ஒரு ஆண் உபரி. உபரி கதவுக்கு வெளியே போய்விட்டால் சாதி உடையும். போகாமல் தடுக்க என்ன வழி? பெண்ணைச் சிதையில் ஏற்று, அல்லது மொட்டையடித்து மூலையில் உட்கார வை. ஆணை எரிக்க மாட்டார்கள், அவன் ஆண். அவனைத் துறவியாக்கலாம், அல்லது இன்னும் கல்யாணச் சந்தைக்கு வராத சிறுமியை அவனுக்குக் கட்டிவைக்கலாம். சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தைமணம். இந்த மூன்றையும் அதுவரை தனித்தனிச் சமூகக் கேடுகளாகப் பேசிக்கொண்டிருந்தார்கள் சீர்திருத்தக்காரர்கள். இவை மூன்றும் ஒரே எந்திரத்தின் பல்சக்கரங்கள் என்று ஒரு வரவுசெலவுக் கணக்கைப்போல அவர் போட்டுக்காட்டினார்.

இந்தக் கணக்கை மானுடவியல் மட்டும் படித்தவர் போட்டிருக்க மாட்டார். பொருளாதாரம் மட்டும் படித்தவருக்கு இந்தக் கணக்கைப் போட வேண்டும் என்றே தோன்றியிருக்காது. அடுத்த அடியில் சமூகவியல் வருகிறது. ஒரு கூட்டம் கதவைச் சாத்தியது சரி, மற்றவர்கள் ஏன் சாத்தினார்கள்? பிரெஞ்சுக்காரர் கேப்ரியல் டார்டின் பாவனை விதிகளை எடுக்கிறார். மேலே இருப்பவனைக் கீழே இருப்பவன் பார்த்துச் செய்கிறான், எவ்வளவு கிட்டே இருக்கிறானோ அவ்வளவு அதிகமாகச் செய்கிறான். பிராமண வர்க்கம் முதலில் மூடிக்கொண்டது, கிட்டே இருந்தவர்கள் அப்படியே பின்பற்றினார்கள், தூரம் ஆக ஆகப் பாவனையும் தளர்ந்தது. மனு என்கிற ஒரு ஆள் சாதியைச் சட்டம் போட்டுக் கொடுத்துவிட முடியாது, ஏற்கெனவே இருந்ததை அவன் தொகுத்து நியாயப்படுத்தினான் என்பது அவர் வாதம். இனம், நிறம் என்று விளக்கிய ஐரோப்பியர்களிடம், உங்கள் நிறவெறியை எங்கள் ஊரில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்கிற தொனியில் பேசுகிறார். நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் முன்னால்.

ஏறத்தாழ பத்து வருஷம் கழித்து நூலாக வந்த அவருடைய நிதித்துறை ஆய்வையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மாகாண நிதியின் வளர்ச்சி பற்றி 1925இல் வெளிவந்தது, செலிக்மன் முன்னுரையோடு. தலைப்பைப் பார்த்தே நம்மவர்கள் பலர் அதைத் திறப்பதில்லை. அதற்குள்ளே, சாதியை ஒழிக்கவும் கலப்புமணத்தைச் சட்டமாக்கவும் துணியாத இந்திய அரசு தேயிலைத் தோட்ட முதலாளிகளுக்கு வரி போடவும் துணியவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். பட்ஜெட் கணக்குக்குள் சாதி, சாதிக் கட்டுரைக்குள் உபரிக் கணக்கு. என்னைக் கேட்டால் அவருடைய பாடப்பட்டியலின் உண்மையான விடைத்தாள் இந்த இரண்டு எழுத்தும்தான்.

ஆனால் இத்தோடு கும்பிட்டுவிட்டுப் போகிற வேலை நமக்கு இல்லை. 1916 கட்டுரையை எத்தனை முறை படித்தாலும் இரண்டு இடங்களில் எனக்குக் கால் இடறுகிறது.

ஒன்று, அந்த "உபரிப் பெண்". சாதியின் இயக்கம் பெண்ணுடலின் மீதுதான் நடக்கிறது என்று அவ்வளவு சீக்கிரம் கண்டுகொண்ட எழுத்து வேறு எது? ஷர்மிளா ரெகே 2013இல் வெளிவந்த தன் தொகுப்பில் இதைப் பெண்ணிய மூலநூலாக எடுத்துப் பேசியது முழுக்க நியாயம். இருந்தாலும் கணக்கில் வருகிற அந்தப் பெண் வாய் திறப்பதில்லை. மேலும் அவள் மேல்சாதி விதவை. எங்க தெருவில் புருஷன் செத்த மறுவாரம் நடவுக்குப் போனவர்கள்தான் அதிகம். அறுத்துக்கட்டுகிற வழக்கம் இருந்தது. அவர்கள் அந்தச் சமன்பாட்டில் எங்கே வருவார்கள்? பாவனை விதிப்படி தூரம் ஆக ஆகத் தளர்கிறது என்பதற்குள் அவர்களை அடக்கலாம். ஆனால் தளர்ச்சி என்பது மேலிருந்து பார்க்கிறவன் சொல். எங்க ஆயாவுக்கு அது வாழ்க்கைமுறை.

இரண்டாவது இதைவிடச் சங்கடமானது. மகர் வீட்டுப் பிள்ளை சாதி பற்றி முதன்முதலாக எழுதிய கட்டுரையில் தீண்டாமை என்று தனியாக ஒரு பேச்சு இல்லை. வகுப்பில் கோணிச்சாக்கில் தனியாக உட்கார்ந்தது, தண்ணீர்க் குழாயைத் தானே தொடக்கூடாமல் பியூன் வரும்வரை தாகத்தோடு இருந்தது, எதுவும் இல்லை. விஞ்ஞானத்தில் உணர்ச்சிக்கு இடமில்லை என்று கடைசியில் அவரே சொல்லிக்கொள்கிறார். அந்தச் சொற்களைக் கருத்தரங்கு அறை கேட்டுவாங்கியிருக்கிறது. அறுபது பாடத்திலும் கிடைக்காத ஒரு பாடம் இருந்தது: உன் உடம்பில் பட்டதை அறிவாக ஏற்றுக்கொள்கிற பாடம். அதை அவர் இந்தியாவுக்குத் திரும்பி, 1917இல் பரோடாவில் தங்க ஒரு அறை கிடைக்காமல் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டு, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதபிறகே எழுத முடிந்தது. 1930களில் எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்கிற அந்தச் சிறு பிரதியில்தான் கோணிச்சாக்கும் தண்ணீர்க் குழாயும் வருகின்றன. கருத்தரங்குக் கட்டுரையும் தன்வரலாறும் ஒரே ஆளின் இரண்டு கைகள். அவற்றை ஒரே பக்கத்தில் எழுத அவருடைய காலத்துப் பல்கலைக்கழகம் விடவில்லை. நம்முடைய காலத்துப் பல்கலைக்கழகம் விடுகிறதா?

கொலம்பியாவைச் சொர்க்கமாக வரைகிற பழக்கமும் நமக்கு உண்டு. அங்கே யாரும் என் சாதி கேட்கவில்லை என்கிற நிம்மதியை அவர் அனுபவித்தது உண்மை. அதே அரசியல் அறிவியல் புலத்தைத் தொடங்கிய ஜான் பர்ஜெஸும், அங்கே வரலாறு நடத்திய வில்லியம் டன்னிங்கும், அடிமைமுறை ஒழிந்தபின் கறுப்பர்களுக்கு வாக்குரிமை கொடுத்தது பெரிய தவறு என்று பாடம் சொன்னவர்கள். அம்பேத்கர் அங்கே இருந்த வருஷங்களில் டன்னிங் பணியில்தான் இருந்தார். பல்கலைக்கழகக் குன்றிலிருந்து இறங்கி நடந்தால் ஹார்லெம். 1935இல் டூபாய்ஸ் கறுப்பர் பக்கமிருந்து அந்த வரலாற்றைத் திருப்பி எழுதியபோது கொலம்பியாவின் பெயரைச் சொல்லியே சாடினார். அதே டூபாய்ஸுக்கு 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதினார், ஐ.நா.வுக்குக் கறுப்பர்கள் கொடுக்கும் மனுவின் நகலைக் கேட்டு. நம்ம ஆளுக்குக் கதவு திறந்த கட்டடத்தில் அந்த ஊர்ச் சேரிக்குக் கதவு சாத்தியிருந்தது.

அந்தக் கதவை இடித்தவர்கள் ஐம்பது வருஷம் கழித்து வந்தார்கள். சான்பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் கறுப்பு மாணவர் சங்கமும் மூன்றாம் உலக விடுதலை முன்னணியும் 1968 நவம்பர் 6 அன்று வேலைநிறுத்தம் தொடங்கி 1969 மார்ச் வரை நடத்தின. எங்கள் வரலாற்றை, எங்கள் இலக்கியத்தை, எங்கள் ஆசிரியர்களைக் கொண்ட துறை வேண்டும் என்பது கோரிக்கை. போலீஸ் தடியடி, கைதுகள். முடிவில் கறுப்பர் ஆய்வுத் துறையும் இனக்குழு ஆய்வுக் கல்லூரியும் வந்தன. அதே 1969இல் பிரௌன் பல்கலைக்கழகம் தன் பாடத்திட்டத்தையே அவிழ்த்துவிட்டது. அங்கேயும் 1968 டிசம்பரில் கறுப்பு மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளிநடப்புச் செய்து தேவாலயத்தில் போய் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் பாடத்திட்டச் சீர்திருத்தம் வேறொரு மாணவர் குழுவின் ஆய்வறிக்கையிலிருந்து வந்தது. அங்கே இன்றுவரை ஒரு மாணவர், இருக்கிற துறைகள் தன் கேள்விக்குப் போதாது என்று எழுதிக்காட்டி, எந்தெந்தத் துறையில் எந்தெந்தப் பாடம் என்று பட்டியல் போட்டு, ஒரு பேராசிரியரைப் பொறுப்பேற்கச் செய்து, குழுவின் ஒப்புதல் வாங்கினால் தன் சொந்தப் பாடத்திட்டத்தில் பட்டம் பெறலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானே அந்த ஊரில் பிறந்திருந்தால் முதல் நாள் போய் மனு எழுதியிருப்பேன். ஆனால் அந்த மனுவை எழுதுவதற்கு எவ்வளவு மூலதனம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு இது வேண்டும் என்று சொல்ல ஒரு நாக்கு வேண்டும். குழுவின் மொழியில் எழுதத் தெரிய வேண்டும். கதவைத் தட்டினால் "வாம்மா, உக்காரு" என்று சொல்லும் பேராசிரியர் வேண்டும். படித்து முடித்ததும் இது என்ன பட்டம் என்று கேட்கும் வேலைதருபவனுக்குப் பதில் சொல்ல வீட்டில் வசதி வேண்டும். இதெல்லாம் யார் வீட்டுப் பிள்ளைகளிடம் இருக்கும்? பிரௌன் கொடுத்தது தனி ஆளின் சுதந்திரம். சான்பிரான்சிஸ்கோ மாணவர்கள் கேட்டது கூட்டத்துக்கான இடம். இரண்டில் எதை எடுப்பது என்றால் நான் தயங்காமல் இரண்டாவதை எடுப்பேன். முதலாவதை வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. பறவை எண்ணிய வருஷம் ஞாபகத்தில் இருக்கிறது.

இங்கே நிலைமை என்ன? 2020இன் தேசியக் கல்விக் கொள்கை பக்கத்துக்குப் பக்கம் பல்துறைக் கல்வி என்கிறது. இயற்பியல் படிக்கிறவன் இசையும் படிக்கலாமாம். ஒரு வருஷத்தில் வெளியேறினால் சான்றிதழ், இரண்டில் பட்டயம், மூன்றில் பட்டம், நான்கில் ஆய்வோடு பட்டம். உள்ளே வர நாலு வாசல் என்று அவர்கள் சொல்வதை நான் வெளியே போக நாலு வாசல் என்று படிக்கிறேன். அப்பா கைகால் விழுந்துவிட்டார், தங்கச்சிக்கு வயசாகிறது என்று எந்தப் பிள்ளை முதல் வாசலில் இறங்கும் என்று நமக்குத் தெரியும். லட்சக்கணக்கில் கட்டணம் வாங்குகிற தனியார் பல்கலைக்கழகங்களில் பிள்ளைகள் தத்துவமும் கணினியும் கலந்து படிக்கட்டும். எங்க அரசுக் கல்லூரியில் அலைடு பேப்பர் எது என்பதைப் பிள்ளை தீர்மானிப்பதில்லை, எந்த வாத்தியார் பணியிடம் காலியாக இல்லையோ அந்தப் பணியிடம் தீர்மானிக்கிறது.

கூட்டத்துக்கான இடத்தை இங்கே உருவாக்காமலும் இல்லை. சமூக விலக்கம் பற்றிய ஆய்வு மையங்களை யு.ஜி.சி. பல பல்கலைக்கழகங்களில் ஏற்படுத்தியது. 2017இல் பன்னிரண்டாவது திட்டக் காலம் முடிந்தபோது அங்கே வேலை பார்த்தவர்கள் அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தவித்தார்கள். விலக்கத்தைப் படிக்க வைத்த மையத்துக்கே விலக்கம்.

துறை கடப்பது என்ற பெயரில் நம்மை எங்கே நிறுத்துகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கோபால் குரு 2002இல் எழுதிய கட்டுரையில், இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு செய்கிறவர்கள் பிராமணர்களாகவும் தரவு பொறுக்குகிறவர்கள் சூத்திரர்களாகவும் பிரிந்துகிடக்கிறார்கள் என்று குற்றம் சாட்டினார். எனக்குச் சமூகவியல்காரர் சொன்ன எரநூறு கேள்வித்தாள் இதுதான். பாட்டு உன்னுடையது, நிலம் உன்னுடையது, பிணம் உன்னுடையது. அதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வா, அர்த்தம் நாங்கள் சொல்கிறோம். இதற்குக் குரு மீது பாய்ந்தவர்கள் நம்மிலும் உண்டு. அனுபவித்தவன் மட்டும்தான் கோட்பாடு பேசலாமா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அனுபவித்தவன் பேசினால் அது சாட்சியம், அனுபவிக்காதவன் பேசினால் அது கோட்பாடு என்று ஏற்பாடு இருக்கும்வரை அந்தக் கேள்விக்கு நான் அவசரமாகப் பதில் சொல்லப் போவதில்லை.

அம்பேத்கர் கொலம்பியாவில் முதல் வருஷப் பாடங்களில் இருந்த 1914 மே மாதத்தில் சென்னையில் அயோத்திதாசர் காலமானார். ஒருவரை ஒருவர் அறியார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் இல்லாமல், சித்த மருத்துவம், பாலி, தமிழ் இலக்கியம், பௌத்தம், ஊர் வழக்காறு, பஞ்சாங்கம் எல்லாவற்றையும் கலந்து 1907 முதல் ஒவ்வொரு வாரமும் 'தமிழன்' பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். தீபாவளியை வேறு மாதிரி வாசிப்பார், திருக்குறளை வேறு மாதிரி வாசிப்பார், வைத்தியமும் சொல்வார். எம்.ஏ. தமிழில் எனக்கு அவர் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்ட தொகுதிகள் வந்திராவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது. அவரை வெளியிட்டது ஒரு தமிழ்த் துறையோ வரலாற்றுத் துறையோ அல்ல, நாட்டார் வழக்காற்றியல் மையம் என்பதைக் கவனியுங்கள். அவருடைய சொல்லாராய்ச்சியில் எனக்கு ஒப்புதல் இல்லாத இடங்கள் நிறைய. வேர்ச்சொல்லை அவர் இழுக்கிற இழுப்புக்குச் சில இடத்தில் சொல் அறுந்துவிடுகிறது. ஆனால் இலக்கியமா, வரலாறா, மருத்துவமா, மதமா, எந்த அலமாரியில் அவரை வைப்பது என்று தெரியாமல் நூற்றாண்டு முழுக்க வெளியே வைத்திருந்தார்களே, அதுதான் துறை என்கிற ஏற்பாட்டின் லட்சணம். அயோத்திதாசருக்குக் கொலம்பியா இல்லை, செலிக்மன் இல்லை, மறுத்துப் பேசி வாதத்தைச் செதுக்க ஒரு கருத்தரங்கு அறைகூட இல்லை. அந்த இல்லாமை அவர் எழுத்தில் தெரிகிறது. அம்பேத்கருக்கு அது கிடைத்தது. கிடைத்ததின் விலையும் 1916 கட்டுரையில் தெரிகிறது.

நான் விட்டுவிட்ட தலைப்பு இப்போது என்னிடம் இல்லை. எங்க ஊர் அம்பேத்கர் மன்றத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடுகிறார்கள். ஒருத்தி பி.எஸ்சி. கணிதம், ஒருத்தன் ஐ.டி.ஐ. சர்வேயர் படித்தவன், ஒருத்தி நர்சிங். என் மாதிரித் தமிழ் படித்தவர்கள் இரண்டு பேர். பட்டம் எதுவும் கிடையாது. ஒப்பாரிகளைக் கைபேசியில் பதிந்து எழுதுகிறோம். அதில் வருகிற மரம், ஓடை, களம், கிணறு எல்லாவற்றையும் சர்வேயர் பையன் படத்தில் குறித்துக்கொண்டு வருகிறான். யு.டி.ஆர். கணக்கெடுப்புக்கு முந்தைய பதிவேடு கிடைத்தால்தான் ஒத்துப்பார்க்க முடியும். போன வாரம் தலையாரி வீட்டுப் பெரியம்மா ஒரு ஒப்பாரி சொன்னார். நடுவில் நிறுத்திவிட்டு, "இதெல்லாம் எதுக்குடி எழுதற? பாட்டுல சொன்னா குடுத்துடுவானா நெலத்த?" என்று கேட்டார். கணிதம் படிக்கிற பெண், "குடுக்க மாட்டான் பெரிம்மா, ஆனா எத்தினி சென்ட்டுனு நமக்குத் தெரிஞ்சிருக்கணும்ல" என்றாள். பெரியம்மா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு, விட்ட இடத்திலிருந்து இல்லாமல், முதலிலிருந்து ஆரம்பித்தார். பழைய செட்டில்மென்ட் பதிவேட்டு நகலுக்குத் திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் மனு கொடுக்கிறோம்.